எண்ணெய்க் கிணறு: எடுப்பதைவிட மூடுவதுதான் பெரிய வேலை! 100 ஆண்டு கண்டுபிடிப்புகள் சொல்லும் பாடம் என்ன?

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலை 16. தச்சூரைத் தாண்டினால் புதுவாயல். பெரியபாளையம் சாலை வந்து சேரும் இடம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற லாரிகள் இந்த வழியாகத்தான் ஓடும். இரும்புக் குழாய், கம்பி, வார்ப்பு, வெல்டிங் செய்த பெரிய பெரிய ஃபிரேம்... எல்லாம் இரும்புதான்.

இந்தப் பகுதியில் எண்ணெய்க் கிணறு எதுவும் கிடையாது. ஆனால் ரோட்டில் தெற்கே போனால் காவிரிப் படுகை, வடக்கே போனால் கிருஷ்ணா-கோதாவரி படுகை. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் இருக்கும் இரண்டு டெல்டாக்களுக்கும் நடுவே இருக்கிறது புதுவாயல்.

"எண்ணெய்க் கிணறு" என்றாலே தமிழ்நாட்டில் உடனே ஒரு விவாதம் கிளம்பும். 2017 ஜூன் 30-ல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி குழாயில் கசிவு ஏற்பட்டு, வயலில் கச்சா எண்ணெய் பரவியதையும் அதன் பிறகு நடந்த போராட்டத்தையும் யாரும் மறக்கவில்லை. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செய்தி வந்ததும் எதிர்ப்பு எழுந்தது. திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

ஆதரவா, எதிர்ப்பா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கிணறு எப்படி வேலை செய்கிறது, தவறு நடந்தால் அதை எது தடுக்கிறது? எளிமையாகப் பார்க்கலாம்.

போர்வெல்லுக்கும் எண்ணெய்க் கிணறுக்கும் என்ன வித்தியாசம்?

திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்து போர் போடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். மேலே சுழலும் கம்பி, கீழே பிட், பக்கவாட்டு மண் சரியாமல் இருக்க கேசிங் பைப். எண்ணெய்க் கிணற்றிலும் அடிப்படை இதேதான். ஆழம் மட்டும் ஆயிரக்கணக்கான மீட்டர்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. போர்வெல்லில் தண்ணீரை மோட்டார் போட்டு மேலே இழுக்க வேண்டும். எண்ணெயும் எரிவாயுவும் பாறைக்குள் பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. வழி கிடைத்தால் தானாகவே மேலே பாய்ந்து வரும்.

எவ்வளவு அழுத்தம்? கார் டயருக்குக் காற்று அடிக்கும்போது 30 முதல் 35 பி.எஸ்.ஐ வைப்போம். 3,000 மீட்டர் ஆழத்தில், மேலே நிற்கும் வெறும் தண்ணீரின் எடையே சுமார் 4,300 பி.எஸ்.ஐ. பாறையில் இருக்கும் வாயுவின் அழுத்தம் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

அதனால்தான் கடந்த 100 ஆண்டுகளில் எண்ணெய்க் கிணறுகளுக்காக வந்த முக்கியமான கண்டுபிடிப்புகளில் பல, எண்ணெயை எடுப்பதற்காக வந்தவை அல்ல. வேண்டும்போது அதை நிறுத்துவதற்காக வந்தவை!

1. முதல் பூட்டு: சேறு

1901 ஜனவரி 10. அமெரிக்காவின் டெக்சாஸில் ஸ்பிண்டில்டாப் என்ற மேடு. அங்கே தோண்டிய கிணற்றிலிருந்து எண்ணெய் வானத்தை நோக்கிப் பீய்ச்சி அடித்தது. அடக்க ஒன்பது நாள் ஆனது. அன்று அது கொண்டாட்டம். இன்றைக்கு அப்படி ஒன்று நடந்தால் அதன் பெயர் 'புளோஅவுட்', அதாவது விபத்து.

அதே கிணற்றில்தான் சேற்றின் அருமையும் தெரிந்தது. மணல் சரிந்து விழுவதைத் தடுக்க, தண்ணீருக்குப் பதில் சேற்றுக் குழம்பை உள்ளே செலுத்தினார்கள். குட்டையில் மாடுகளை விட்டு மிதிக்கவைத்து அந்தச் சேற்றைக் கலக்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

இன்று 'டிரில்லிங் மட்' என்பது கணக்குப் போட்டுத் தயாரிக்கும் ரசாயனக் கலவை. இதன் வேலை மூன்று.

• பிட்டைக் குளிர வைப்பது
• வெட்டிய பாறைத் துகளை மேலே கொண்டு வருவது
• தன் எடையால் கீழே இருக்கும் வாயுவை அமுக்கி வைப்பது

மூன்றாவதுதான் உயிர்நாடி. தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமான சேறு என்றால், 3,000 மீட்டரில் அதன் அழுத்தம் சுமார் 6,400 பி.எஸ்.ஐ. எடை கூட்ட அதில் பேரைட் என்ற கனிமத்தூள் கலக்கிறார்கள். அது தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேல் கனம். உலகின் பெரிய பேரைட் சுரங்கங்களில் ஒன்று நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில், மங்கம்பேட்டையில் இருக்கிறது.

சேறு லேசாக இருந்தால் வாயு மேலே வரும். அதிக கனமாக இருந்தால் பாறையை உடைத்துக்கொண்டு சேறே உள்ளே போய்விடும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் டிரில்லிங் இன்ஜினீயரின் வேலை.

2. இரண்டாவது பூட்டு: கேசிங்கும் சிமென்ட்டும்

"எண்ணெய்க் கிணறு போட்டா எங்க நிலத்தடி நீர் கெட்டுப்போகுமா?" டெல்டாவில் முதலில் வரும் கேள்வி இதுதான். இதற்கான பதில் பெரும்பாலும் சிமென்ட்டில் இருக்கிறது.

கிணற்றில் இரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாக இறக்குவார்கள். மேலே அகலமான குழாய், உள்ளே போகப்போக குறுகலான குழாய். முதல் அடுக்குகள் நன்னீர் இருக்கும் ஆழத்தைத் தாண்டிப் போக வேண்டும். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே இருக்கும் இடைவெளியில் சிமென்ட் நிரப்ப வேண்டும். அந்த சிமென்ட் நன்றாகப் பிடித்தால்தான் கீழே இருக்கும் எண்ணெயும் வாயுவும் உப்புநீரும் மேலே இருக்கும் நன்னீரோடு கலக்காது.

இந்த வேலையைத் தொழிலாக்கியவர் எர்ல் ஹாலிபர்ட்டன். 1919-ல் ஆரம்பித்து, 1921-ல் சிமென்ட் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். குழாய்க்குள் சிமென்ட்டை அனுப்பி, அடிவரை தள்ளி, வெளிப்பக்கமாக மேலே ஏற வைப்பதுதான் தந்திரம்.

சிக்கல் என்ன? சிமென்ட் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது. அதனால் ஒலி அலையை அனுப்பி, எங்கே பிடித்திருக்கிறது, எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. 'சிமென்ட் பாண்ட் லாக்' என்பார்கள். கிணற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் மாதிரி.

கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறையை அளக்கும் இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் ஷ்லும்பர்ஜர் சகோதரர்கள். 1927 செப்டம்பர் 5-ல் பிரான்ஸின் பெஷெல்பிரான் எண்ணெய் வயலில் அவர்கள் குழு முதல்முறையாக மின்சாரம் செலுத்திப் பாறையின் மின்தடையை அளந்தது.

3. மூன்றாவது பூட்டு: பி.ஓ.பி

சேறு தோற்றுவிட்டது, வாயு மேலே வருகிறது. இப்போது என்ன செய்வது? அதற்குத்தான் 'புளோஅவுட் பிரிவென்டர்'. சுருக்கமாக பி.ஓ.பி.

1922-ல் டெக்சாஸில் ஜேம்ஸ் ஆபர்க்ராம்பி என்ற எண்ணெய்க் கிணற்றுக்காரர், தன் நண்பர் ஹாரி கேமரானின் மெஷின் பட்டறைக்குப் போனார். பட்டறைத் தரையில் கிடந்த மரத்தூளில் விரலால் படம் வரைந்து யோசனையைச் சொன்னார் என்பார்கள். கனமான இரும்புப் பெட்டி. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு இரும்புக் கட்டைகள் வந்து நடுவில் இருக்கும் குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும். 1926-ல் காப்புரிமை கிடைத்தது.

இன்றைய பி.ஓ.பி அந்த யோசனையின் வளர்ச்சிதான். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பூட்டுகள்:

• ஆன்யுலர்: ரப்பர் வளையம். குழாய் எந்த அளவில் இருந்தாலும் சுற்றி இறுக்கும்
• பைப் ராம்: குறிப்பிட்ட அளவு குழாயைச் சுற்றி அடைக்கும்
• பிளைண்ட் ராம்: குழாய் இல்லாத நேரத்தில் கிணற்றை முழுதாக மூடும்
• ஷியர் ராம்: வேறு வழியே இல்லையென்றால் இரும்புக் குழாயையே வெட்டிவிட்டு மூடும்

5,000, 10,000, 15,000 பி.எஸ்.ஐ என்று தாங்கும் திறனை வைத்து இவை தயாராகின்றன.

ஆனால் பி.ஓ.பி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2010 ஏப்ரல் 20-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். அடியில் சிமென்ட் பிடிக்கவில்லை, மேலே அழுத்தச் சோதனையின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள், கடைசியில் வளைந்துபோன குழாயை பி.ஓ.பி-யால் சரியாக வெட்டி மூட முடியவில்லை. மூன்று பூட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. எண்ணெய் கடலில் கொட்டுவதை நிறுத்த 87 நாட்கள் ஆயின.

4. நான்காவது பூட்டு: கிறிஸ்துமஸ் மரம்

தோண்டும் வேலை முடிந்து ரிக் போன பிறகு, கிணற்றின் தலையில் வால்வுகள் அடுக்கிய ஒரு அமைப்பு மட்டும் நிற்கும். நாகை, திருவாரூர் பக்கம் வயலுக்கு நடுவே வேலி போட்ட இடங்களில் இதைப் பார்த்திருக்கலாம். கிளை கிளையாக இருப்பதால் உலகம் முழுக்க இதன் பெயர் 'கிறிஸ்துமஸ் ட்ரீ'.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருச்சி திருவெறும்பூரில் இருக்கும் பெல் ஆலை பாய்லருக்கு மட்டும் பேர் போனது இல்லை. எண்ணெய்க் கிணறுகளுக்கான வெல்ஹெட், கிறிஸ்துமஸ் ட்ரீ வால்வுகளும் அங்கே தயாராகின்றன. திருவள்ளூர் மாவட்டத்திலேயே, புதுவாயலுக்குக் கிழக்கே காட்டுப்பள்ளி கடற்கரையில் எல் அண்ட் டி-யின் யார்டில் கடல் எண்ணெய் வயல்களுக்கான இரும்புக் கட்டமைப்புகள் செய்கிறார்கள்.

ஒரு வால்வு செய்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வார்ப்பில் ஒரு சின்னக் குமிழி, வெல்டிங்கில் ஒரு மயிரிழை விரிசல், ஃபிளாஞ்சில் ஒரு கீறல்... சாதாரணத் தண்ணீர் லைனில் இவை ஒரு சொட்டுக் கசிவு. 10,000 பி.எஸ்.ஐ-யில் இது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் இந்த உபகரணங்களுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரம் உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிறது. வெல்ஹெட்டுக்கு ஏபிஐ 6ஏ, கேசிங் குழாய்க்கு 5சிடி, பி.ஓ.பி-க்கு 16ஏ. எந்த உருக்கிலிருந்து வந்தது, யார் சோதித்தது என்று ஒவ்வொரு முக்கிய பாகத்துக்கும் ஜாதகம் மாதிரி ஆவணம் இருக்கும்.

5. லாரி பிரேக் போலவே ஒரு வால்வு!

மேலே இருக்கும் மொத்த அமைப்பையும் ஒரு வெள்ளமோ தீயோ விபத்தோ அடித்துச் சென்றால்? அதற்காகக் குழாய்க்கு உள்ளேயே, தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பாதுகாப்பு வால்வு பொருத்தும் முறை இருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நெடுஞ்சாலையில் ஓடும் எந்த லாரி டிரைவரிடம் கேட்டாலும் புரியவைப்பார். ஏர் பிரேக் லாரியில், பார்க்கிங் பிரேக்கை விடுவித்து வைத்திருப்பது காற்று. காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாக வந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். ஏர் இல்லையென்றால் வண்டி நகராது.

கிணற்று வால்வும் அதே கணக்குதான். மேலிருந்து வரும் ஆயில் அழுத்தம் இருக்கும்வரை திறந்திருக்கும். அந்த அழுத்தம் எந்தக் காரணத்தால் போனாலும் ஸ்பிரிங் மூடிவிடும். யாரும் ஓடி வந்து மூட வேண்டாம். 'கெட்டுப்போனால் மூடிக்கொள்' என்பதுதான் இந்தக் கண்டுபிடிப்பின் அறிவு.

எடுப்பதற்குக் கண்டுபிடிப்பே இல்லையா?

இல்லாமல் இல்லை. கடினமான பாறையை உடைக்கும் கூம்பு வடிவ பிட்டுக்கு ஹோவர்டு ஹியூஸ் 1909-ல் காப்புரிமை பெற்றார். (விமானம் ஓட்டி, ஹாலிவுட் படம் எடுத்த ஹோவர்டு ஹியூஸ் இவருடைய மகன். அந்தச் செலவுக்கெல்லாம் அஸ்திவாரம் அப்பாவின் பிட்தான்.)

இன்னொரு கண்டுபிடிப்பு தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கிணற்றுக்குள்ளேயே மூழ்கி ஓடும் மின்சார மோட்டாரை எண்ணெய்க் கிணற்றுக்குக் கொண்டுவந்தவர் அர்மைஸ் அருட்டுனோஃப். ஜார்ஜியா நாட்டின் இன்றைய தலைநகரான திபிலிசியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்மீனியர். 1920-களின் கடைசியில் எண்ணெய்க் கிணற்றில் இறக்கிக் காட்டினார். நம் ஊர் 'சப்மெர்சிபிள்' மோட்டாரும் அதே தத்துவம்தான்.

பூட்டைக் கழற்றினால் என்ன ஆகும்? இரண்டு உதாரணம்

பாசர்லபுடி, 1995: புதுவாயலைத் தொட்டுப்போகும் இதே நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கோதாவரி டெல்டா. தென்னந்தோப்பும் நெல் வயலும் நிறைந்த கோனசீமா. 1995 ஜனவரி 8-ல் அங்கே பாசர்லபுடியில் ஓ.என்.ஜி.சி தோண்டிக்கொண்டிருந்த எரிவாயுக் கிணறு கட்டுக்கடங்காமல் பாய்ந்து தீப்பிடித்தது. சுற்றுவட்டார மக்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து அணைக்க 65 நாட்கள் ஆயின.

பாக்ஜான், 2020: அசாமின் தின்சுகியா மாவட்டம். ஆயில் இந்தியா நிறுவனத்தின் 5-ம் எண் கிணறு. மே 27-ல் புளோஅவுட், ஜூன் 9-ல் தீ. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் தங்கினார்கள். அருகில் இருந்த மாகுரி-மோதாபுங் சதுப்பு நிலம் பாழானது. கனடாவிலிருந்து விமானத்தில் கருவி கொண்டுவந்து, நவம்பர் 15-ல்தான் முழுதாக அடக்க முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பாக்ஜான் புதிதாகத் தோண்டிய கிணறு இல்லை. ஏற்கெனவே எரிவாயு தந்துகொண்டிருந்த கிணறு. 'வொர்க்ஓவர்' என்று சொல்லப்படும் பராமரிப்பு வேலை நடந்தபோது, கீழே வேறு தடுப்பு உறுதியாகிவிட்டதா என்று சோதித்து முடிக்காமலே பி.ஓ.பி கழற்றப்பட்டதுதான் விசாரணையில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. கருவி இருந்தது. அது கெட்டுப்போகவும் இல்லை. கழற்றிவிட்டார்கள்.

டெல்டாவுக்கு இது ஏன் முக்கியம்?

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வோ, துளையிடுவதோ, எடுப்பதோ கூடாது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது நிறுத்தவில்லை.

அதாவது நரிமணம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம் என்று காவிரிப் படுகையில் பல ஆண்டுகளாக இருக்கும் கிணறுகளின் கதை முடியவில்லை. கிணறுக்கும் வயசாகும். கேசிங் துருப்பிடிக்கும், சிமென்ட் விரிசல் விடும், வால்வு தேயும். பராமரிப்பு வேலை வரும். பயன்பாடு முடிந்தால் நிரந்தரமாக மூடவும் வேண்டும்.

மூடுவது என்றால் மேலே பலகை போட்டுவிட்டு வருவது இல்லை. எண்ணெய் இருக்கும் அடுக்குக்கு மேலே சிமென்ட் அடைப்பு, நன்னீர் அடுக்குக்குக் கீழே இன்னொன்று, தரைக்கு அருகில் கடைசி ஒன்று என்று பல இடங்களில் அடைத்து, ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். பிறகு கேசிங்கை நிலத்துக்குக் கீழே வெட்டி, தகடு வைத்து மூடி, மண்ணை நிரப்பி, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தியாவில் இதற்கு விதிகள் இருக்கின்றன. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் பார்த்துக்கொள்ளும் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகள் 2017. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1986 முதல் இயங்கும் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தரநிலைகள். கிணற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஓ.ஐ.எஸ்.டி 174 என்ற தரநிலை இருக்கிறது.

ஊர்க்காரர்கள் என்ன கேட்கலாம்?

கருத்துக் கேட்புக் கூட்டமோ கிராம சபையோ, கிணறு பற்றிப் பேச்சு வந்தால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. நன்னீர் எந்த ஆழம் வரை இருக்கிறது? கேசிங்கும் சிமென்ட்டும் அதைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறது?

2. சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று சோதித்த அறிக்கை எங்கே?

3. பி.ஓ.பி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? பராமரிப்பு வேலையின்போது அதைக் கழற்றும் முன் வேறு எந்தத் தடுப்பு இருக்கும்?

4. விபத்து நடந்தால் முதலில் யார் வருவார்கள், எவ்வளவு நேரத்தில்? ஊர் மக்கள் எந்த வழியாக, எங்கே போக வேண்டும்?

5. பயன்பாடு முடிந்த கிணறுகள் எத்தனை? அதில் எத்தனை முறைப்படி மூடப்பட்டிருக்கின்றன?

இவை எதிர்ப்பவர்களுக்கான கேள்விகள் மட்டும் இல்லை, ஆதரிப்பவர்களும் கேட்க வேண்டியவை. சேறு, சிமென்ட், பி.ஓ.பி, வால்வு என்று பூட்டு நிறைய கண்டுபிடித்தாகிவிட்டது. அந்தப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலைதான் ஒவ்வொரு கிணற்றிலும், ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.